இரண்டு ஸ்நோ, ஒரே சூளை

முகத்துக்குப் பூசும் பொருளை விற்க வந்திருக்கிறீர்கள். முதல் வாரப் பயிற்சியில் தோலுக்கு எத்தனை அடுக்கு, அதில் எந்த அடுக்குவரை நம் கிரீம் இறங்கும் என்றெல்லாம் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். நான் ஓய்வு பெறும்வரை அந்தப் படத்தை எனக்கு யாரும் காட்டவில்லை. காட்டாததால் விற்பனை குறைந்ததாகவும் நினைவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஜாடிக்கு ஒரு மூடி வேண்டும், அது அந்த ஜாடியின் மூடியாகவே இருக்க வேண்டும் என்பதுதான். அதைத் தெரிந்துகொண்டது விருத்தாசலத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு தீபாவளிக்கு முன்னால்.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். பகுதிநேரம் என்பது சம்பளத்துக்கு மட்டும் பொருந்தும். வேப்பூர் சாலையில் லாரி கவிழ்ந்தால் நான் போக வேண்டும், பெண்ணாடத்தில் கரும்பு விவசாயிகள் மறியல் செய்தால் நான் போக வேண்டும், அவற்றுக்குப் பக்கத்தில் அச்சாகும் விளம்பரத்தைப் பிடித்து வருவதும் நான்தான். செய்தி வராமல் போனால் கடலூரில் இருந்த மாவட்டப் பொறுப்பாளர் ஒன்றும் சொல்ல மாட்டார். விளம்பரம் வராமல் போனால் டிரங்க் கால் வரும்.

எங்கள் ஊரில் தவறாமல் விளம்பரம் கொடுத்தவர்கள் இரண்டே பேர். இருவரும் பெண்கள். இருவரும் தயாரித்தது ஒரே பொருள்: ஸ்நோ. உங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன், ஸ்நோ என்பது வெள்ளையாக, லேசாக இருக்கும் கிரீம். தேய்த்தால் மறைந்துவிடும். அதற்கு மேல் பவுடர் போட்டால் நிற்கும். கல்யாணம், காது குத்து, பெண் பார்க்கும் படலம் எதுவும் அது இல்லாமல் நடக்காது.

ஒருவர் வசந்தா. மங்கலம்பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஜங்ஷன் சாலையில் வளையல், ரிப்பன், பொட்டு விற்ற ஃபேன்சி ஸ்டோரை விற்றுவிட்டு, ஒரு பழைய நெல் குடோனை வாடகைக்குப் பிடித்து 'தாரகை' ஸ்நோவைத் தொடங்கினார். கடை வைத்திருந்தவரை ஊருக்கு அவர் வசந்தாக்கா. கம்பெனி தொடங்கிய மறுநாளிலிருந்து மேடம். எப்படி மாறினார் என்று கேட்டால், வாசலில் அப்படியே ஒரு போர்டு எழுதி வைத்திருந்தார்.

இன்னொருவர் சகுந்தலா. மண்பாண்டம் செய்யும் குடும்பத்தில் பிறந்து, கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்யப் போய், கடைவீதியில் மாடி எடுத்து ஊரின் முதல் பியூட்டி பார்லரைத் திறந்தவர். அந்த மாடிப்படிக்குத் திரை போட்டிருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால் ஆண்கள் கண்டித்தார்கள், தெரிந்துகொள்ள விரும்பிப் பெண்கள் போனார்கள். அவருடைய ஸ்நோவின் பெயர் 'மோகனா'.

தாரகையில் ரோஜா வாசனை. மோகனாவில் மல்லிகை வாசனை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அத்துடன் முடிந்தது. ஆனால் இதைப் பூசிக்கொண்ட எந்தப் பெண்ணும் அதைத் தொட மாட்டாள். மோகனா பூசினால் முகம் கருக்கும் என்று ஜங்ஷன் பக்கத்தில் சொல்வார்கள். தாரகை பூசினால் மீசை முளைக்கும் என்று கடைவீதியில் சொல்வார்கள். இந்த ஆராய்ச்சி முடிவுகளை வெளியிட்டது யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த இருவரும் அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதில்லை. சென்னையில் அது எளிது. விருத்தாசலத்தில் அதற்கு ஊரே உழைக்க வேண்டும். உழைத்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் ஒருவரை மாலை வரவேற்புக்கும் இன்னொருவரை மறுநாள் முகூர்த்தத்துக்கும் அழைத்தார்கள். பழமலைநாதரின் பெரிய கோயிலில் மாசி மகத்தன்று ஒருவர் காலையில் போனால் மற்றவர் சாயங்காலம் போவார். எங்கள் ஊர்க்காரர்கள் வேறு எதையும் இவ்வளவு ஒழுங்காகச் செய்து நான் எழுதியதில்லை.

நான் பத்திரிகையை விட்டு வசந்தாவிடம் விற்பனை, விளம்பரம் இரண்டையும் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தேன். சம்பளம் மாதாமாதம் வந்தது என்பதைத் தவிர வேலையில் பெரிய மாற்றம் இல்லை. அங்கே நடந்ததைப் பெரிதாக்கி எழுதினேன், இங்கே நடக்காததை எழுதினேன். ஊரில் எல்லோரும் என்னைத் தொடர்ந்து "ரிப்போர்ட்டரே" என்றுதான் கூப்பிட்டார்கள். வசந்தாவும்.

இனி ஜாடிக்கு வருகிறேன்.

மற்ற ஊர்களில் ஸ்நோவை வாங்கும் பெண் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். எங்கள் ஊரில் முதலில் ஜாடியை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். டங்கென்று கேட்டால் சரி. மந்தமாகக் கேட்டால் விரிசல். வாசனை அதற்குப் பிறகு. வீட்டுக்கு ஒருவர் பீங்கான் வேலைக்குப் போகும் ஊரில் இப்படித்தான் நடக்கும். அதனால் வசந்தா பாட்டிலையும் டப்பாவையும் ஒதுக்கிவிட்டு, பீங்கான் ஜாடியில் ஸ்நோவை விற்றார். சகுந்தலாவும் அதையே செய்தார். யார் முதலில் என்று கேட்காதீர்கள். இரண்டு பதில் இருக்கிறது.

அந்த ஜாடிகளைத் தொழிற்பேட்டையில் சிறிய யூனிட் வைத்திருந்த ஏகாம்பரம் செய்து கொடுத்தார். எங்களுக்கு மட்டும்தான் செய்வதாகச் சொல்லியிருந்தார். நான் அதை நம்பி, 'மாவட்டத்திலேயே தாரகைக்கு மட்டும் தனி அச்சில், தனிச் சூளையில் சுட்ட ஜாடி' என்று விளம்பரம் எழுதினேன். அதற்கு அடுத்த வாரம் மோகனாவின் விளம்பரம் வந்தது: 'உலகில் வேறு எவருக்கும் கிடைக்காத ஜாடி'. நாங்கள் மாவட்டத்தோடு நிறுத்தியிருந்தோம்.

அந்த ஐப்பசியில்தான் வசந்தாவுக்குச் சென்னையிலிருந்து முதல் பெரிய ஆர்டர் வந்தது. மொத்த வியாபாரி ஒருவர், தீபாவளிக்குத் தன் கடையின் முன் வரிசையில் தாரகையை அடுக்குவதாக ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை, சனிக்கிழமை லாரியில் சரக்கு வர வேண்டும். வராவிட்டால் அந்த இடம் பம்பாய் கிரீமுக்கு. பம்பாய்ச் சரக்கு ஏற்கெனவே குடோனில் இருப்பதாக இரண்டு முறை சொன்னார். உள்ளூர் விற்பனை வாடகைக்கும் கூலிக்கும் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. இந்த ஆர்டர் தவறினால் ஸ்நோவை நிறுத்திவிட்டு மறுபடி வளையல் விற்கப் போக வேண்டியதுதான் என்பதை வசந்தா எங்களிடம் சொல்லவில்லை. குடோன் சொந்தக்காரரிடம் அடுத்த வருட வாடகையைப் பற்றிப் பேசுவதைத் தள்ளிப்போட்டார். பார்த்துப் புரிந்துகொண்டோம்.

ஸ்நோ டிரம்களில் தயாராக இருந்தது. ஜாடிகள் வைக்கோல் பெட்டிகளில் வந்து இறங்கின. அதற்கு அடுத்த நாள் மூடிகள் வந்தன. நிரப்பும் வேலை செய்யும் பெண்கள் முதல் ஜாடியை நிரப்பி மூடியை வைத்தார்கள். அது போலீஸ்காரர் தொப்பிபோல மேலேயே உட்கார்ந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. வந்திருந்த மூடிகள் எல்லாமே ஒரு நகக்கண் அளவு பெரிது.

பீங்கான் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சூளையில் வேகும்போது பொருள் சுருங்கும். ஓர் அச்சில் செய்த ஜாடிக்கு அதற்கென்று செய்த மூடிதான் பொருந்தும். புதிதாகச் செய்யலாம் என்றால் காய வேண்டும், பிறகு சூளை ஏற வேண்டும். ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் துணியே காய்வதில்லை. மூடி இல்லாத ஸ்நோவோ இரண்டு நாளில் ஏரி வற்றியதுபோல வெடித்துவிடும்.

ஏகாம்பரத்தைத் தேடிப் போனேன். அவர் மனைவிதான் யூனிட்டில் இருந்தார்.

"திருப்பதி போயிருக்காருங்க. ரொம்ப நாளு வேண்டுதலு."

"எப்ப கெளம்புனாரு?"

"மூடிய அனுப்பிட்டு வந்தாரு. கணக்கப் பாத்தாரு. ஒடனே வேண்டுதலு ஞாபகம் வந்துடுச்சு."

பக்தி எப்படி எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. அவர் இன்னும் திருப்பதியில் மொட்டை போட வரிசையில் நிற்கும்போதே எனக்கு விஷயம் புரியத் தொடங்கியது. எங்கள் நிரப்பும் பெண்களில் பாதிப் பேரும் மோகனாவின் நிரப்பும் பெண்களில் பாதிப் பேரும் ஒரே தெரு. சாயங்காலமே செய்தி வந்துவிட்டது: "அங்க மூடி ஜாடிக்குள்ள வுழுதாம் சார்."

நிருபராக இருந்த பழக்கம், ஒரு வாயால் கேட்டதை எழுத மாட்டேன். மோகனாவின் விற்பனையாளர் கோதண்டத்தைப் பார்த்தேன். எங்கள் இருவரையும் ஊர் பரம எதிரிகளாக நினைத்தது. நாங்கள் வாரம் மூன்று நாள் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கடைகளுக்கு லைன் போய்வந்துகொண்டிருந்தோம். பஸ் ஊர் எல்லையைத் தாண்டும்வரை வேறு வேறு சீட்.

கோதண்டம் மறைக்கவில்லை. ஏகாம்பரம் இருவருக்கும் ஒரே வடிவத்தில்தான் செய்திருக்கிறார். மனசாட்சிக்காக மோகனாவுடையதை மட்டும் ஒரு நகக்கண் பெரிதாக்கியிருக்கிறார். இரண்டு சரக்கும் ஒன்றாகச் சூளை ஏறி, ஒன்றாக இறங்கி, அவசரத்தில் மூடிகள் மட்டும் இடம் மாறிவிட்டன. எங்கள் மூடி முழுவதும் கடைவீதி மாடியில். அவர்கள் மூடி முழுவதும் எங்கள் குடோனில்.

"நாமளே மாத்திப்புடலாம்" என்றார் கோதண்டம். ரெண்டு மேடமுக்கும் தெரியவே வேண்டாம், வேப்பூர் ஓட்டல் ஒன்றின் பின்பக்கம் வண்டியை நிறுத்திப் பெட்டியை மாற்றிக்கொண்டு வந்துவிடலாம், ஏகாம்பரம் சரிசெய்து அனுப்பியதாகச் சொல்லிவிடலாம் என்பது அவர் திட்டம்.

நல்ல திட்டம்தான். பெரும்பாலான நிறுவனங்கள் இப்படித்தான் நடக்கின்றன. ஆனால் எனக்குக் கடலூர்ப் பொறுப்பாளர் ஆரம்பத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது. கெட்ட செய்தியை நீ முதலில் சொல், இரண்டாவதாகச் சொல்கிறவனை எவனும் நம்ப மாட்டான் என்பார். எங்கள் பெண்கள் மூடி உள்ளே விழுவதை ஒரே சாயங்காலத்தில் தெருக்கோடிவரை கொண்டுபோயிருந்தார்கள். வேப்பூரில் இரண்டு வண்டி முகத்தோடு முகம் நின்றதை விட்டுவைப்பார்களா? அதை மேடம் வேறு வாயால் கேட்டால், ஏகாம்பரம், கோதண்டம், நான் என்று மூன்று ஆண்கள் சேர்ந்து தன்னை ஏமாற்றியதாகத்தான் எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொள்வதில் தவறும் இருக்காது.

காலையில் போய்ச் சொன்னேன். ஜாடி நமக்கு மட்டும் செய்ததல்ல, சகுந்தலாவுக்கும் அதே யூனிட், அதே வடிவம், மூடி அங்கே இருக்கிறது. 

வசந்தா ஒரு மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆர்டர் போனதை நினைக்கிறார் என்று நான் நினைத்தேன்.

"அவங்க ஜாடி நம்முளத வுட பெருசா?" என்று கேட்டார்.

"ஒரு நகக்கண்ணுதாங்க மேடம். பாக்கத்தான் பெருசு. சொவரு தடிப்பு. உள்ள புடிக்கிறது ரெண்டும் ஒண்ணுதான்."

"பாக்கத்தான ரிப்போர்ட்டரே வாங்குறாங்க?"

இந்தத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. உங்கள் பயிற்சியில் இதற்கு ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள்.

போய்க் கேட்க மாட்டேன் என்றார். அந்தப் பக்கமும் அதே பதில். கேட்டால் விளம்பரம் பொய் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நானும் கோதண்டமும் சைக்கிளில் போய்ப்போய் வந்தோம். முதலில் அவர்கள் அனுப்பட்டும் என்றார் இவர். முதலில் இவர்கள் அனுப்பட்டும் என்றார் அவர். ஒரே நேரத்தில் அனுப்பலாம், ரயில்வே கேட்டில் மாற்றிக்கொள்ளலாம் என்றோம். கேட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். இதற்கிடையில் டிரம்களின் மேல் ஈரத்துணியைப் போட்டு, அது காயக் காயப் பெண்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். துணிக்கு அடியில் ஸ்நோவின் ஓரம் உரியத் தொடங்கியிருந்தது. வசந்தா மணிக்கொரு தரம் வந்து துணியைத் தூக்கிப் பார்ப்பார், மறுபடி போட்டுவிட்டுப் போவார்.

லாரிக்கு முந்தைய நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சகுந்தலாவே வந்தார்.

மழை விட்டிருந்தது. ரிக்‌ஷாவிலிருந்து குடையோடு இறங்கி, சேற்றைத் தாண்டி, குடோன் வாசலில் நின்றார். நிரப்பும் பெண்கள் சோற்றுக் கையோடு எழுந்து நின்றார்கள். அவரை உள்ளே விடக் கூடாது என்பது நிரந்தர உத்தரவு. உத்தரவு போட்டவர் உள்ளறையிலிருந்து வெளியே வந்தார்.

"உள்ள வரலாங்களா, அக்கா?" என்றார் சகுந்தலா.

மற்ற தொழிலில் இது மரியாதை. இளமையை ஜாடியில் போட்டு விற்கிறவரைப் பார்த்து, அவரிடம் வேலை செய்கிறவர்கள் முன்னால் அக்கா என்பது வேறு.

"வாங்க" என்றார் வசந்தா. "நீங்க எனக்கு மூத்தவங்கன்னுதான் கேள்வி. வெளிய நிக்க வெக்கலாங்களா?"

உள்ளறையில் ஒரே நாற்காலி. வசந்தா அதை நகர்த்திக் கொடுத்தார், தான் நின்றார். சகுந்தலாவும் உட்காரவில்லை. எனவே இருவரும் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நின்று பேசினார்கள். என்னை வெளியே போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

சகுந்தலா கைக்குட்டையை அவிழ்த்து ஒரு மூடியை மேசையில் வைத்தார். வசந்தா மேசை டிராயரைத் திறந்து ஒரு மூடியை அதன் பக்கத்தில் வைத்தார். இருவருமே மற்றவர் வைத்ததை எடுக்கவில்லை.

"எனக்கு மட்டுந்தான் பண்றேன்னு சொன்னாருங்க ஏகாம்பரம்" என்றார் சகுந்தலா. "புள்ள மேல சத்தியம் பண்ணாரு."

"எனக்குப் பழமலைநாதர் மேல பண்ணாரு."

"புள்ள மேல பண்றதுதாங்க பெரிய சத்தியம்."

அதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு சகுந்தலா மேசையில் இருந்த மாதிரி ஜாடியில் விரலைத் தொட்டு, புறங்கையில் தேய்த்து, முகர்ந்தார். தயாரித்தவர் முன்னால் அவர் ஸ்நோவைத் தொடுவது அதுவே முதல் முறை. வசந்தா அந்தப் புறங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சென்ட்டு பாரிமுனை சேட்டுகிட்டயா வாங்குறீங்க? கண்ணாடி போட்டவரு?"

"ஆமா."

"ஊருக்கு ஒருத்தருக்குத்தான் குடுப்பேன்னு சொன்னாரா?"

வசந்தா மேசை டிராயரை மெல்ல மூடினார். அதுவே பதில். சகுந்தலா ஜாடியை மூட மூடி தேடினார். கையில் கிடைத்தது பொருந்தவில்லை. அப்படியே வைத்தார்.

"நாளைக்கு லாரிங்களா?"

"ஒங்களுக்கு யாரு சொன்னா?" இதைக் கேட்டபோது வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரும் சொல்லலீங்க. எனக்கும் நாளைக்குத்தான். மெட்ராஸ் ஏவாரி முன்னால வரிசையில வெக்கிறேன்னு சொன்னாரு. தாரகை வந்தா பின்னால போட்டுடறேன்னும் சொன்னாரு. ஒங்ககிட்ட என்னாத்த சொன்னாரு?"

"இதே தான்" என்றார் வசந்தா. "பேர மட்டும் மாத்திட்டாரு."

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் இருவரும் சிரித்துக் கட்டிப்பிடித்திருப்பார்கள். இருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் முகத்தில் இருந்ததை நான் சந்தையில் பார்த்திருக்கிறேன், தராசில் எடைக்கல்லைத் திருப்பிப் பார்க்கிறவர்களிடம். ஏகாம்பரம், சென்ட் சேட்டு, சென்னை வியாபாரி, விளம்பரம் பிடித்த என் பழைய பத்திரிகை, அந்த விளம்பரத்தை எழுதிய நான், பஸ்ஸில் கோதண்டம். இத்தனை பேரும் இவர்கள் இருவரும் பேசிக்கொள்ளாததால் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இவர்கள் பேசிக்கொண்டால் பிழைப்பு போகும் நிலையில் அந்த அறையில் இருந்த ஒரே ஆள் நான்.

அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. புத்திசாலித்தனமான யோசனை. நெருக்கடி நேரத்தில் உங்களுக்கும் தோன்றும், வாயை மூடிக்கொள்ளுங்கள். நான் மூடவில்லை. ரெண்டு கம்பெனியும் ஒண்ணா சேந்துட்டா ஒருத்தரும் நம்மள ஏமாத்த முடியாதே மேடம் என்றேன்.

அன்று முதல் முறையாக இருவரும் ஒரே திசையில் பார்த்தார்கள். என்னை.

"சேந்தா யாரு வாங்குவா?" என்றார் வசந்தா. "இவங்க ஸ்நோவப் பூசுனா மூஞ்சி கருக்கும்னு சொல்லித்தான் என்னுது ஓடுது."

"என்னுதும் அப்படித்தாங்க" என்றார் சகுந்தலா. "ஜங்ஷன் பக்கம் நான் வந்தேன்னு தெரிஞ்சாலே எனக்கு நாளைக்கு பாதி ஏவாரம் போயிடும். ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிப்புடுவாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"அதத்தாங்க சொல்லக் கூடாதுன்றேன்."

அதற்குப் பிறகு அவர்கள் பேசியது சுருக்கமாக இருந்தது. நான் நேரில் பார்த்த எத்தனையோ பேச்சுவார்த்தைகளில் இது ஒன்றில்தான் யாரும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. மூடிகளை நேராக மாற்றிக்கொண்டால் ஊர் பார்த்துவிடும். எனவே இருவருமே, சரக்கு சரியில்லை என்று சொல்லி, நன்றாகத் திட்டிக்கொண்டே, பெட்டிகளை ஏகாம்பரம் யூனிட்டுக்குத் திருப்பி அனுப்புவது. அங்கிருந்து அவரவர் மூடி அவரவருக்குப் போய்ச் சேரும். தெருவுக்குத் தெரிவது இரண்டு பேர் ஏகாம்பரத்தின் மேல் கோபமாக இருப்பது மட்டும்தான். அது உண்மையும்கூட. சென்னை வியாபாரியைப் பொறுத்தவரை, இரண்டு பேரும் தனித்தனியாக அவரிடம் ஒன்றையே சொல்வது: முன் வரிசை இல்லையென்றால் சரக்கை எதிர்க் கடைக்கு இறக்கிவிடுவோம்.

போகும்போது சகுந்தலா தன் மூடியை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். வாசலில் பெண்கள் காதில் விழும்படி, "ஒங்க ஆளுங்கள என் கடப் பக்கம் அனுப்பாதீங்க, சொல்லிட்டேன்" என்றார்.

"ஒங்க கடப் பக்கம் எனக்கு இன்னா வேல?" என்று வசந்தாவும் உரக்கச் சொன்னார். நாடகத்தில் நடித்துப் பழகாதவர்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

சாயங்காலம் பெட்டிகள் போயின, வந்தன. ஏகாம்பரத்தின் மனைவி இரண்டு பக்கத்துத் திட்டையும் நின்று கேட்டுக்கொண்டார். பெண்கள் விடிய விடிய நிரப்பினார்கள், மூடிகள் டக்கென்று உட்கார்ந்தன. சனிக்கிழமை காலையில் ஒரே லாரியில் இரண்டு சரக்கும் ஏறின. லாரிக்காரருக்கு மட்டும் அது ஆச்சரியமாக இருந்தது. நடுவில் வைக்கோல் போடட்டுமா என்று கேட்டார். தாராளமாகப் போடுங்கள் என்றேன். ஏகாம்பரம் மொட்டைத் தலையோடு அடுத்த வாரம் வந்தார். பிரச்சினை தீர்ந்தது வேண்டுதலால் என்று இன்றுவரை நம்புகிறார்.

நானும் கோதண்டமும் சென்னைக்குப் போய் வியாபாரியைத் தனித்தனியாகப் பார்த்தோம். கோதண்டம் தாரகையைத் திட்டினார். நான் மோகனாவைத் திட்டினேன். பம்பாய்க் கிரீமை யாரும் திட்டாததால் அதைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் சொல்ல வியாபாரிக்கு ஒன்றும் இல்லை. எதிர்க் கடையைக் காட்டி இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னபோது மனிதர் அரை நிமிடம் யோசித்தார். முன் வரிசையைப் பாதியாகப் பிரித்து, இரண்டையும் எதிரெதிரே அடுக்கினார். பம்பாய்ச் சரக்கு அந்தத் தீபாவளிக்குப் பின் வரிசையில் இருந்தது. அதன் பிறகு ஒரு ரூபாய் பாக்கெட் வந்து எங்கள் எல்லோரையும் பின் வரிசைக்கு அனுப்பச் சில வருடங்கள் ஆயின. அதுவரை எங்கள் குடோனிலும் அவர்கள் மாடியிலும் வேலை இருந்தது, கூலி தவறவில்லை. வசந்தா வளையல் விற்கத் திரும்பிப் போகவில்லை. குடோன் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, அடுத்த வருடத்தோடு அதற்கு அடுத்ததையும் பேசி முடித்தார்.

உங்களில் சிலர் இதைக் கேட்டுவிட்டு, போட்டி என்பது சும்மா வேடம், உள்ளே எல்லோரும் நண்பர்கள் என்று நினைக்கலாம். அப்படி ஒன்றும் இல்லை. அந்த இருவரும் கடைசிவரை ஒருவரையொருவர் வெறுத்தார்கள். சகுந்தலாவின் ஜாடி நகக்கண் அளவு பெரிதாக இருந்ததை வசந்தா மன்னிக்கவே இல்லை, அடுத்த தடவை தன் ஜாடியை அதைவிடப் பெரிதாகச் செய்ய ஏகாம்பரத்திடம் ரகசியமாகச் சொன்னார். ஏகாம்பரம் ரகசியமாகவே அதை அந்தப் பக்கமும் சொன்னார். ஒருவரையொருவர் வெறுப்பவர்கள் சேர்ந்து வேலை செய்ய முடியும், வேலை அதைக் கேட்கும்போது. நண்பர்கள் அப்படிச் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை.

தீபாவளி முடிந்து, பொங்கலுக்கு விளம்பரம் எழுத உட்கார்ந்தேன். 'போலி ஜாடிகளைக் கண்டு ஏமாறாதீர்கள், முகம் உங்களுடையது' என்று தொடங்கினேன். மோகனாவின் பெயரைச் சொல்லாமல், யாருக்கும் சந்தேகம் வராதபடி மோகனாவைச் சொல்லியிருந்தேன். எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. வசந்தா படித்துவிட்டு, பத்திரிகைக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள் என்றார். எதற்கு என்று சொல்லவில்லை.

மறுநாள் ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஊர் எல்லையைத் தாண்டியதும் கோதண்டம் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒங்க வெளம்பரத்த எங்க மேடம் படிச்சாங்க" என்றார்.

எப்படி என்று நான் கேட்கவில்லை.

"நல்லா இருக்குதாம். ஆனா காரம் பத்தலையாம். மொகம் கருக்கும்னு நேரா எழுதச் சொன்னாங்க. தை மாசம் முழுக்க கல்யாணம் இருக்குது, எங்க ஆளுங்களுக்கு கோவம் வந்தாத்தான் ரெண்டு ஜாடி சேத்து வாங்குவாங்களாம்."

எழுதினேன்.